ஐந்தாவது கேலக்ஸியின் ஒற்றைக் கோடு

கண்ணு,

வியாழக்கிழமை சாயங்காலம் போனில் நான் உனக்குச் சொன்ன பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் நீ “சரிம்மா” என்று சொல்லி வைத்துவிடுவாய். அந்தச் “சரிம்மா”வை இத்தனை வருஷமாகக் கேட்கிறேன். எது கேட்டுக்கொண்ட சரி, எது தப்பித்துக்கொள்கிற சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதோடு, சொல்ல வேண்டியதில் பாதி என் வாயில் வராது. காகிதம் என்றால் நீ என் முகத்தைப் பார்க்க மாட்டாய், நானும் உன் குரலைக் கேட்க வேண்டியதில்லை. உன் அப்பா எதிரே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே, தபால்பெட்டி எந்தத் தெருவில் இருக்கிறது என்றாவது தெரியுமா என்று கேலி செய்துகொண்டிருக்கிறார். இதில் என்ன எழுதப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும். நேற்று ராத்திரிதான் அவருக்கும் தெரியும்.

நீ கேட்டது நேரான கேள்வி. கேலக்ஸிக் கொத்து என்று நீ சந்தேகப்படுகிற இடத்தில் நான்கு கேலக்ஸிகள் ஒரே தூரத்தில் இருப்பது உறுதியாகிவிட்டது. ஐந்தாவதில் ஒரே ஒரு கோடுதான் தெரிகிறது, அதுவும் சந்தேகம். ஐந்து இருந்தால்தான் கொத்து உறுதியானது என்று எழுதலாம் என்பது உங்கள் குழு தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. ஐந்து என்று எழுதினால் கட்டுரை போகும், ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முடியும், தை மாதக் கல்யாணத்துக்கு முன்னால் எல்லாம் ஒழுங்காகிவிடும். நான்கு என்று எழுதினால் அந்தத் துண்டு வானம் மறுபடி மேலே ஏறி வருகிற அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும், டெலஸ்கோப்பில் திரும்பவும் நேரம் கேட்க வேண்டும், கொடுப்பார்களா என்பதும் தெரியாது. கட்டுரையில் உன் பேர்தான் முதலில் வருகிறது, நீயே முடிவு செய் என்று பேராசிரியரும் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் முழுக்க யோசித்துவிட்டு, அதற்கு அடுத்த திங்கட்கிழமை அனுப்பப் போவதாகச் சொன்னாய். பிறகு, “நீ என்னம்மா சொல்றே?” என்று கேட்டாய்.

“விடு கண்ணு, ஒன்னும் ஆகாது. அஞ்சுன்னே போட்டுடு. இருக்கிற மாதிரிதானே தெரியுது.”

இதுதான் நான் சொன்னது. யோசித்துச் சொல்லவில்லை. அன்று மதியம்தான் நிவேதாவின் அப்பா பாகலூரிலிருந்து போன் செய்திருந்தார். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது, மாப்பிள்ளை பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுவிடலாமா என்று கேட்டார். போடுங்கள் என்று நான் சொல்லிவிட்டேன். பெரிய மனுஷி மாதிரி அப்படிச் சொல்லிவிட்டு, அதன் பிறகு உன்னிடம் எப்படி நாலு என்று சொல்வேன்? உன் கேள்விக்கு அளந்து பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் என் கண்ணுக்கு முன்னால் மஞ்சள் தடவிய அந்தப் பத்திரிகைதான் நின்றது. போனை வைத்த பிறகுதான் நான் சொன்ன வார்த்தை எனக்கே கேட்டது. அது என் வார்த்தை இல்லை. வேறொருவர் என்னிடம் சொன்னது. அது யார் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆவணி மாதத்து அந்த மூன்று நாளைச் சொல்ல வேண்டும். நிச்சயதார்த்தத்துக்கு நீ வந்தபோது லேப்டாப்பையும் கூடவே ஒரு பெரிய ஸ்கிரீனையும் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. டெலஸ்கோப் சிலி நாட்டில் இருக்கிறது, அங்கே ராத்திரி என்றால் இங்கே பகல், மூன்று நாளும் விடியற்காலையிலிருந்து மதியம் வரை இங்கே உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும் என்று சொன்னாய். சாப்பாட்டு மேஜையை எடுத்துக்கொண்டாய். நடுநாள் நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் தட்டு வரிசையோடு பத்து மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள், நீ ஸ்கிரீனை உள்ளறைக்கு மாற்றிக்கொண்டு காதில் ஹெட்போனோடு இருக்கிறாய். மாப்பிள்ளை எங்கே என்று அவர்கள் வீட்டுப் பெரியப்பா கேட்டதற்கு உன் அப்பா கொஞ்சம்கூட யோசிக்காமல், “சிலியில இருக்காருங்க, இன்னும் அரை மணி நேரத்துல வந்துருவாரு” என்றார். அந்த மனுஷன் மலைத்துப் போய்விட்டார். நல்ல வேளையாக, அந்த நேரம் பார்த்து அங்கே மேகம் வந்து மூடிக்கொண்டது. இல்லையென்றால் மோதிரத்தை உன் ஸ்கிரீனுக்குத்தான் போட வேண்டியிருந்திருக்கும். வாசலில் சுள்ளென்று வெயில் அடிக்க, நீ “மேகம், மேகம்” என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சட்டையில் ஒரு பித்தானை மாற்றிப் போட்டு வந்து நின்றது வீடியோவில் இன்னும் இருக்கிறது.

மூன்றாம் நாள் நான் லீவு போட்டிருந்தேன். விருந்தாளிகள் போய்விட்டார்கள். காபி கொண்டுவந்து வைத்தவளை உட்காரச் சொல்லி நீ விளக்கினாய். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. படத்தில் மங்கலாகச் சிவந்த சின்னச் சின்னப் புள்ளிகள் ஒரே இடத்தில் நெருக்கமாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு கேலக்ஸி. ஆனால் படத்தில் நெருக்கமாகத் தெரிவதாலேயே அவை நெருக்கமாக இருப்பதாக அர்த்தமில்லை. நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கோயில் விளக்கும் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டவரின் சிவப்பு விளக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரிதான் தெரியும்; இடையில் எத்தனை தெரு என்று நடந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். நீயும் நடந்துதான் பார்க்க வேண்டும், ஆனால் நடக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கேலக்ஸியின் வெளிச்சத்தையும் தனித்தனியாக நிறமாலையாக விரிக்கிறாய். அதில் இன்ன இடத்தில் கோடு விழ வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. தூரம் கூடக் கூட அந்தக் கோடுகள் எல்லாம் சிவப்புப் பக்கம் நகர்ந்துபோகும். எல்லா கேலக்ஸியிலும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் அவை ஒரே தூரத்தில் இருக்கின்றன, ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு குடும்பம். அளவு மாறினால் அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை, ஒரே வழியில் நின்றதால் ஒன்றாகத் தெரிந்தவை.

எனக்குப் பிடித்தது வேறு. அத்தனை கேலக்ஸியின் வெளிச்சமும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க, ஒரு தகட்டில் ஒவ்வொன்றும் நிற்கிற இடத்துக்கு நேராக மட்டும் மெல்லிய பிளவு வெட்டி டெலஸ்கோப்பில் வைக்கிறார்கள் என்று நீ சொன்னாய். உடனே நான் அந்தப் பிளவுக்கு என்ன டாலரன்ஸ், எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று கேட்டேன். நீ சிரித்தாய். உன் பேராசிரியர்கூட அதைக் கேட்கவில்லை என்றாய். முப்பது வருஷமாகத் தொழிற்பேட்டையில் ஒரு குளிர் அறைக்குள் உட்கார்ந்து அடுத்தவர் செய்த மெஷின் பாகத்தை அளந்துகொண்டிருக்கிறவளுக்கு வேறு என்ன கேள்வி வரும்? பூமியே உண்டாவதற்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம், நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் கோடு கோடாக வந்து விழுகிறது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒவ்வொன்றாகக் காட்டினாய். முதல் நான்கும் தெளிவு. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கோடு, எல்லாம் ஒரே அளவு நகர்ந்து. ஐந்தாவதைக் காட்டும்போது நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இருக்குதே கண்ணு, இதோ” என்று விரலை வைத்தேன். வைத்த இடத்தில்தான் சிக்கல் என்றாய். நம் காற்றே ராத்திரியில் லேசாக மினுங்குமாம், அதற்கும் கோடுகள் உண்டாம். அதைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கிறோம், கழித்த இடத்தில் சில சமயம் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அந்த மிச்சமும் கோடு மாதிரியே தெரியும் என்றாய். கேலக்ஸியின் கோடாகவும் இருக்கலாம், காற்றின் மிச்சமாகவும் இருக்கலாம். இன்னொரு கோடு கிடைத்தால்தான் சொல்ல முடியும். அந்த இன்னொரு கோட்டுக்கு வேண்டிய நேரத்தைத்தான் நடுநாள் மேகம் தின்றுவிட்டது. நான் விரலை எடுக்கவில்லை. இருக்கிறது, இருக்கிறது என்றேன். எனக்கு அது இருக்க வேண்டும், அதனால் எனக்குத் தெரிந்தது. முப்பது வருஷம் அளந்த கண்ணுக்கு இந்த லட்சணம்.

இனி நீ அறியாததைச் சொல்கிறேன். நீ ஒன்பதாவது படித்தபோது பள்ளி ஆண்டு விழாவில் உனக்கு அறிவியல் கண்காட்சிக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். அட்டையில் சனிக்கோள் செய்து, அதன் வளையத்துக்கு என் பழைய வளையலை வைத்து ஒட்டியிருந்தாய். மேடையிலிருந்து என்னைத் தேடினாய், மூன்றாவது வரிசையில் நான் இருந்தேன். ஹாலில் மாட்டியிருக்கிற அந்தப் போட்டோவில் நான் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறேன். கம்பெனி பஸ் நாலு மணிக்கு, விழா ஐந்து மணிக்கு. எந்த விழாவுக்கும் நேரத்துக்கு வராத அம்மா அன்றைக்கு மட்டும் எப்படி வந்தாள் என்று நீ கேட்டதில்லை. பிள்ளைகள் எதற்குக் கேட்க வேண்டும்?

எங்கள் அறையில் எப்போதும் இருபது டிகிரி. வெளியே மாங்காய் பழுக்கிற வெயிலிலும் உள்ளே நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன், நீ சின்னப் பையனாக இருந்தபோது அம்மா ஊட்டியில் வேலை செய்கிறாள் என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அங்கே வருகிற பாகத்தை வந்ததும் அளக்கக் கூடாது. கருங்கல் மேஜையில் பரப்பி வைத்து இரண்டு மணி நேரம் விட வேண்டும். பருப்பு ஊற வைப்பது போல ஊற வைப்பது என்றுதான் நாங்கள் சொல்லுவோம். அறையின் குளிர் பாகத்துக்குள் இறங்கின பிறகுதான் அது சொல்கிற அளவு நிஜ அளவு. சூடாக இருக்கும்போது அலுமினியம் விரிந்திருக்கும், அதிலுள்ள துளையும் விரிந்திருக்கும். சின்னதாகப் போய்விட்ட துளைகூடச் சரியான துளை மாதிரி காட்டும். அதனால் எங்கள் தாளில் இரண்டு கட்டம் உண்டு. பாகம் உள்ளே வந்த நேரம், அளந்த நேரம். இடையில் இரண்டு மணி நேரம் இல்லையென்றால் தாள் செல்லாது.

அன்றைக்கு மூன்று மணிக்கு ஒரு ட்ரே வந்தது. பம்ப்புக்குப் போகிற அலுமினியப் பாகம், வெந்நீரில் கழுவுகிற மெஷினிலிருந்து அப்போதுதான் எடுத்தது. கொண்டுவந்தவன் கோவிந்தராஜ். நாட்றாம்பாளையத்துப் பையன், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இரண்டு வருஷமாக எங்களிடம் கான்ட்ராக்டில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். கேட்டில் லாரி நிற்கிறது. ஷிஃப்ட் இன்சார்ஜ் அத்திப்பள்ளியிலிருந்து வருகிற கன்னடக்காரர், நல்ல மனுஷன்தான், வாசலில் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். அவருக்கு லாரி, எனக்கு நாலு மணி பஸ். ஐந்து மணிக்குத்தான் அளக்க முடியும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவர் சொன்னார்: “பிடி அக்கா, ஏனூ ஆகல்ல.” விடு அக்கா, ஒன்றும் ஆகாது. உனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை, நீ கோலி ஆடினதே கன்னடத்தில்தான். வியாழக்கிழமை உன்னிடம் நான் சொன்னது அந்த வார்த்தைதான். அவர் குரலோடு அப்படியே என் வாயில் வந்தது.

நான் அளந்தேன். ட்ரேயிலிருந்து ஐந்து எடுத்தேன், ஐந்தும் அளவுக்குள் இருந்தன. சூட்டில் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஒருவேளை ஆறினாலும் சரியாக இருக்கலாம் என்றும் நினைத்துக்கொண்டேன். அளந்த நேரம் மூன்றே கால் என்று எழுதினேன். உள்ளே வந்த நேரம் என்கிற கட்டத்தில் ஒரு மணி என்று எழுதினேன். சீல் வைத்தேன். அவசரத்தில் பார்க்காமல் விட்டது என்று இதைச் சொல்ல முடியாது கண்ணு. ஒரு மணி என்று எழுதினது பொய். பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து, புடவை மாற்றி, மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தேன்.

பத்து நாளில், அந்த லாரியில் போன லாட் முழுக்கத் திரும்பி வந்தது. துளை சின்னது, பேரிங் உள்ளே போகாமல் இறுகுகிறது. யாருக்கும் அடி கிடி படவில்லை, அந்த மட்டில் தப்பித்தது. திரும்பி வந்ததை நானே குளிர வைத்து நானே அளந்தேன், எல்லாம் சின்னது என்று அதே கையால் எழுதினேன். பிறகு விசாரணை. என் தாளைப் பார்த்தார்கள். ஒரு மணிக்கு வந்திருக்கிறது, மூன்றேகாலுக்கு அளந்திருக்கிறது, சீல் இருக்கிறது. அளவு சரியாக இருந்த பாகம் எப்படித் தப்பாகும்? தப்பென்று ஒதுக்கி வைத்திருந்த பாகத்தை மெஷின் ஆள் பெட்டியில் கலந்திருப்பான் என்று முடிவு செய்தார்கள். கோவிந்தராஜ் மத்தியானம் என் அறை வாசலில் வந்து நின்றான். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது ஞாபகம் இருக்கிறது.

“அக்கா, நான் எதையும் கலக்கலைங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க.”

பார்க்கலாம்ப்பா என்றேன். பார்க்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று முதல் நாள் நினைத்தேன், மானேஜர் கோபமாக இருக்கிறார், ஆறட்டும் என்று இரண்டாம் நாள் நினைத்தேன். கான்ட்ராக்ட் ஆளை வேலையை விட்டு எடுத்தோம் என்று யாரும் கடிதம் கொடுப்பதில்லை. மூன்றாம் நாள் கேட்டில் அவன் கார்டு வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் ஒரு பாகத்தைக்கூட ஊற வைக்காமல் அளந்ததில்லை. புதிதாக வருகிற பெண்கள் எனக்கு “ரெண்டு மணி நேரத்து அக்கா” என்று பேர் வைத்திருக்கிறார்கள். மெமோ வாங்கினாலும் அசைய மாட்டாள் என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுவார்கள். அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று நேற்று வரை கோவிந்தராஜைத் தவிர யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும் என்பது எனக்கே நேற்றுத்தான் தெரியும்.

வியாழன் ராத்திரி தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை பழைய கான்ட்ராக்டரிடம் விசாரித்தேன், அவன் ஊரோடு போய்விட்டான் என்றார். நேற்று, சனிக்கிழமை, முதல் பஸ்ஸில் கிளம்பி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மாறி நாட்றாம்பாளையம் போனேன். உன் அப்பாவிடம் பாரூரில் என் அண்ணனைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். அதுவும் பொய்தான், திரும்பி வந்து ஒப்புக்கொண்டேன். கோவிந்தராஜ் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. காட்டு ஓரத்தில் கேழ்வரகு போட்டிருக்கிறான். யானை வந்து பாதியை மிதித்துப் போனது போக மீதியை அறுத்துக் களத்தில் போட்டிருந்தான். முன்தலை நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. “வாங்கக்கா” என்று சொல்லிக் கட்டிலைப் போட்டான், அவன் மனைவி மோர் கொடுத்தாள். குடித்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, குடிக்கிறதற்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று தோன்றி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, பஸ், ஆண்டு விழா, ஒரு மணி என்று எழுதினது, எல்லாம்.

அவன் கதிரை உதறிக்கொண்டே கேட்டான். முடித்த பிறகு சொன்னான்.

“எனக்குத் தெரியுமுங்கக்கா. ட்ரேயைத் தூக்கிட்டு வந்தவன் நான்தானுங்களே. கை சுட்டுச்சு.”

அப்படியென்றால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சீல் உங்களுது, கான்ட்ராக்ட் ஆள் பேச்சு அதற்கு மேலே ஏறுமா என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, வேறு எதையோ சொல்லுகிற மாதிரி சொன்னான்: “நீங்களா சொல்லுவீங்கன்னு ரெண்டு மாசம் ஓசூர்லயேதான் ரூம்ல இருந்தேன். அப்புறம் கௌம்பி வந்துட்டேன்.”

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக்காகச் சொல்லிவிடுவான் என்று பயமாக இருந்தது. மோரைக் குடித்தேன். மூன்றரைக்குப் பஸ், அதை விட்டால் கிடையாது என்று அவனே ரோடு வரை வந்து ஏற்றிவிட்டான். பஸ்ஸில் அஞ்செட்டி வரை அழுதேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எனக்கு யாரோ இறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள்.

அவனைப் பற்றி இத்தனை வருஷமும் நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். எப்படி நினைத்தேன் என்றால், அவன் எங்கேயாவது நன்றாக இருப்பான், பெங்களூரில் நல்ல கம்பெனியில் இருப்பான் என்று நினைத்தேன். எனக்கு வசதியான இடத்தில் அவனை வைத்துக்கொண்டேன். அவன் இரண்டு மாதம் நம் ஊரிலேயே, நான் வாயைத் திறப்பேனா என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறான். காய்கறி மார்க்கெட்டில்கூட அவனைக் கடந்து போயிருப்பேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் ஐந்தாவது கேலக்ஸி தப்பாகப் போனால் யாருக்கும் வேலை போகாது, எதுவும் இறுகி நிற்காது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் உன் கட்டுரையைப் படித்துவிட்டு, இங்கே ஒரு கொத்து இருக்கிறது என்று நம்பி, நீ பார்க்காத ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு பிள்ளை அதன் மேல் தன் மூன்று வருஷத்தைக் கட்டும். அந்தப் பிள்ளையின் கணக்கு உட்காராதபோது எல்லாரும் அவனைத்தான் தப்புச் செய்ததாகச் சொல்லுவார்கள், உன் தாளில் சீல் இருக்கும். அது நிஜமாகவே கேலக்ஸியின் கோடாகவும் இருக்கலாம். இருந்தாலும் நீ அதை அளக்கவில்லை கண்ணு. அளந்தது நான்கு.

நேற்று ராத்திரியே நிவேதாவுக்குப் போன் செய்தேன். டாக்டர் என்பதை எடுத்துவிடச் சொல்லி அவள் அப்பாவிடம் நான் பேசுகிறேன், தை மாதத்துக்குள் உன் படிப்பு முடியாமல் போகலாம் என்றேன். உன்னுடைய நான்கையும் ஐந்தையும் அவளிடம் ஒரு மாதிரி விளக்கினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்க கல்யாணத்துக்கு நாலு பத்தாதாங்கத்தை?” என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. பட்டம் வந்தால்தான் கல்யாணம் என்று அவர்கள் யாரும் சொல்லவே இல்லையாம். நான்தான் போகிற இடமெல்லாம் டாக்டர் டாக்டர் என்று தண்டோரா போட்டு உன் கழுத்தில் கட்டினேன். அதை அவிழ்க்க வேண்டியதும் நான்தான்.

எனக்கு இன்னும் நாலு மாதம் சர்வீஸ் இருக்கிறது. கடைசி நாள் மாலை போட்டு, ஒரு கடிகாரம் கொடுத்து, என் சீலைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதில் இருக்கிற என் நம்பரை இனி யாருக்கும் கொடுக்க மாட்டார்கள், அது எங்கள் வழக்கம். சீலைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காகிதம் கொடுக்க வேண்டும். அன்றைக்கு உள்ளே வந்த நேரம் மூன்று மணி, ஒரு மணி இல்லை, கோவிந்தராஜ் எதையும் கலக்கவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கவரில் வைத்துவிட்டேன். பழைய ஃபைலே இப்போது இருக்காது, எதற்கு வம்பு என்று உன் அப்பா கேட்டார். கேட்டுவிட்டு அவரே கவரை ஒட்டிக் கொடுத்தார். மாலை போடாமல் போனாலும் போகட்டும், எனக்கு அந்தச் சாமந்தி வாசனையே ஆகாது.

என் பேச்சைக் கேட்டு நாலு என்று எழுதாதே. வியாழக்கிழமை என் பேச்சைக் கேட்டிருந்தால் ஐந்து என்று எழுதியிருப்பாய், என் பேச்சு அவ்வளவுதான். கொஞ்ச நாள் ஆற விட்டு நீயே திரும்ப அந்தக் கோட்டைப் பார், உனக்கு வேண்டியது எதுவோ அதையெல்லாம் வெளியே வைத்துவிட்டுப் பார். அதற்கப்புறம் நீ எதை எழுதினாலும் நான் என் காகிதத்தைக் கொடுக்கத்தான் போகிறேன். அடுத்த வருஷம் அந்தத் துண்டு வானம் ஏறி வரும்போது நான் வீட்டில் சும்மாதான் இருப்பேன். நீயும் நிவேதாவும் வாருங்கள், சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து தருகிறேன். இந்த முறை விரலை வைக்க மாட்டேன்.

மானேஜர் நாளையிலிருந்து ஒரு வாரம் லீவு, அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் வருகிறார், நீ கட்டுரையை அனுப்பப் போவதாகச் சொன்ன அதே நாள். அன்றைக்கு ஒன்பது மணிக்கு நான் அவர் அறைக்குள் போகிறேன். நீ எத்தனை மணிக்கு அனுப்புகிறாய் என்று சொல்.

அம்மா